பழைய புகைப்படங்கள் சேர்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேமரா எனக்குப் பொழுதுபோக்கு. சோறு போடும் வேலை வேறு. ஸ்டூடியோக்கள் மூடும்போதும் பெரிய வீடுகள் பாகம் பிரியும்போதும் வெளியே வந்து விழும் படங்களை வாங்கிச் சேர்த்து வருகிறேன். இதைப் பற்றி நண்பர்களும் புதிதாகத் தொடங்குகிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளுக்கு ஒரே இடத்தில் பதில் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முன்பின் தெரியாத யாரோ ஒருவர் படத்தைக் காசு கொடுத்து ஏன் வாங்குகிறீர்கள்?

படம் எடுக்கிற ஆசை உள்ளவனுக்கு அடுத்தவன் எப்படி எடுத்தான் என்று பார்க்கும் ஆசையும் இருக்கும். மின்விளக்கு சரியாக வராத காலத்தில், கூரையில் பதித்த கண்ணாடி வழியாக இறங்கும் பகல் வெளிச்சத்தை மட்டும் வைத்து எடுத்த முகங்களைப் பாருங்கள். கன்னத்தில் நிழல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரியாது. நாலு விளக்கு வைத்தாலும் எனக்கு அது வருவதில்லை. எடுத்தவர் பெயர் படத்தின் பின்னால் ஒரு ரப்பர் ஸ்டாம்பில் இருந்தால் உண்டு. இல்லையென்றால் அதுவும் இல்லை.

இன்னொரு காரணமும் உண்டு. மனிதர்கள் தாங்கள் எப்படித் தெரிய வேண்டும் என்று விரும்பினார்கள் என்பது இந்தப் படங்களில்தான் இருக்கிறது. சிறிய ஊர்களின் அந்த ஆசையை வேறு யாரும் எழுதி வைக்கவில்லை.

எங்கே கிடைக்கும்?

சென்னையில் ஒரு காலத்தில் இதற்கெல்லாம் மூர் மார்க்கெட். 1985 மே 30 அன்று அது தீயில் போனது. இப்போது பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை, புதுச்சேரி ஞாயிற்றுக்கிழமைச் சந்தை, காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகள் என்று சுற்ற வேண்டியதுதான். பழைய பேப்பர் கடைக்காரர் ஒருவரைப் பழக்கம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். ஆல்பங்கள் நோட்டுப் புத்தகங்களோடு சேர்ந்து எடைக்கு வரும்.

ஆனால் நான் அதிகம் நம்புவது ஃபிரேம் விற்கும் கடைகளை. செட்டிநாட்டு வீடுகளில் இருந்து வரும் தேக்குச் சட்டத்துக்கும் பழைய கண்ணாடிக்கும் நல்ல கிராக்கி. வாங்கிப் போகிறவர்கள் உள்ளே முகம் பார்க்கும் கண்ணாடி வைப்பார்கள், அல்லது ரவிவர்மா அச்சுப்படம் வைப்பார்கள். அதில் இருந்த தாத்தாவை யாருக்கும் வேண்டாம். கடையின் பின்பக்கம் போய்ப் பாருங்கள், சட்டம் கழற்றிய படங்கள் அட்டையோடு அட்டையாகச் சாய்த்து வைத்திருக்கும். சில அட்டைகளில் ரங்கூன், பினாங்கு, சைகோன் ஸ்டூடியோக்களின் பெயர் இருக்கும். கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போன செட்டியார்கள் அங்கே எடுத்து ஊருக்கு அனுப்பியவை. மலாயாவில் போருக்கு முன் ஜப்பானியர் நடத்திய ஸ்டூடியோக்கள் நிறைய இருந்தன. அங்கே உட்கார்ந்து எடுத்துக்கொண்ட ஒரு தமிழ்க் குடும்பத்தின் படம் காரைக்குடிக் கடையின் பின்கட்டில் கிடப்பது எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

வாங்கும்போது முதலில் என்ன பார்க்க வேண்டும்?

பார்ப்பதற்கு முன் கேளுங்கள். "அண்ணே, இது எந்த ஊர் வீட்டுலேர்ந்து வந்துச்சு?" விலை பேசுவதற்கு முன்னாலேயே கேட்டுவிட வேண்டும். பேரம் ஆரம்பித்தபிறகு கேட்டால், விலையை ஏற்றுவதற்குத் தகுந்த ஊராகச் சொல்வார். வீட்டுக்காரர் பெயரைக் கேட்காதீர்கள். அதை அவர் சொல்ல மாட்டார், சொல்லவும் கூடாது. ஊர் போதும். "தேவகோட்டைப் பக்கம், ஒரே வீட்டு மால்" என்று சொன்னால் அதை அன்றைக்கே பென்சிலால் குறித்துவிடுங்கள்.

அடுத்தது, ஒரே வீட்டிலிருந்து வந்தவற்றைப் பிரிக்காதீர்கள். நல்ல படம் ஒன்றை மட்டும் உருவி எடுத்து மீதியை விட்டுவிடுவதுதான் இந்தப் பழக்கத்தில் பெரிய பாவம் என்பேன். ஒரு கல்யாணப் படம் தனியாக இருந்தால் மாப்பிள்ளை, பெண், நாற்காலி, அவ்வளவுதான். அதே கட்டுக்குள் மங்கலான குரூப் போட்டோ ஒன்று, பள்ளிக்கூடப் படம் ஒன்று, குழந்தை அழுவதால் ஆடிப்போன படம் ஒன்று இருந்தால், அந்த மாப்பிள்ளையை இருபது வருடம் பின்தொடரலாம். பிரித்துவிட்டால் நாலும் அநாதை. காசு போதவில்லையா, அந்தக் கட்டு முழுவதையும் போனில் படம் எடுத்துக்கொண்டு, முடிந்ததை வாங்குங்கள். பெரும்பாலான கடைக்காரர்கள் இதற்கு மறுப்புச் சொல்வதில்லை.

என்ன விலை கொடுக்கலாம்?

நிலையான விலை கிடையாது. சட்டத்தோடு வந்தால் சட்டத்தின் விலை. ராஜா, ஜமீன், நடிகர், யானை, மோட்டார் கார் இருந்தால் விலை ஏறும். எனக்கு இவை எதுவும் தேவையில்லாததால் பர்ஸ் பிழைத்தது.

எந்தக் காலத்துப் படம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

எல்லோரும் உடையைப் பார்க்கிறார்கள். கடைசியாகப் பார்க்க வேண்டியது உடை. கோட்டு, டை, ஷூ, கைக்கடிகாரம் எல்லாம் ஸ்டூடியோவிலேயே வைத்திருப்பார்கள். வருகிறவர் மாட்டிக்கொண்டு நிற்பார். மேசை மேல் இருக்கும் டெலிபோனுக்கு ஒயரே இருக்காது. பத்து வருடம் பழசான கோட்டை எத்தனை பேர் போட்டிருப்பார்கள் என்று யாருக்குத் தெரியும்?

முதலில் காகிதத்தைத் தொட்டுப் பாருங்கள். மிக மெல்லிய காகிதத்தில் அச்சாகி, கனமான அட்டையில் முழுவதும் ஒட்டப்பட்டு, பழுப்பேறி, லென்ஸ் வைத்துப் பார்த்தால் மேலே நுண்ணிய வெடிப்புகள் தெரிந்தால் அது முட்டை வெள்ளைக்கரு பூசிய ஆல்புமின் பிரிண்டாக இருக்கலாம். 1850இல் வந்த முறை. 19ஆம் நூற்றாண்டின் இறுதிவரை ஓடியது. அட்டையின் அளவும் பேசும். ஏறக்குறைய இரண்டரைக்கு நாலு அங்குலம் என்றால் 'கார்ட் டி விசிட்'. பாரிசில் டிஸ்டெரி என்ற புகைப்படக்காரர் 1854இல் காப்புரிமை வாங்கிய அளவு அது. நாலேகாலுக்கு ஆறரை என்றால் கேபினட் சைஸ், 1860களின் பிற்பகுதியில் பரவியது. நம் ஊர் ஸ்டூடியோக்களில் 'கேபினட் சைஸ்' என்ற பேச்சு அந்த அட்டை வழக்கொழிந்து பல காலம் கழித்தும் இருந்தது.

அட்டை இல்லாமல், சற்றுத் தடித்த காகிதத்தில், இருட்டான பகுதிகளில் சாய்த்துப் பார்த்தால் வெள்ளி மினுமினுப்பு தெரிந்தால் அது ஜெலட்டின் சில்வர் பிரிண்ட். நம் கைக்கு வருவதில் பெரும்பாலானவை இவைதான். பிளாஸ்டிக் மாதிரி வழுவழுப்பாக, கிழிக்க முயன்றால் இழுபடும் காகிதம் என்றால் 1970க்குப் பிந்தையது என்று நினைக்கலாம். கலர் படம் மொத்தமாகச் சிவந்து கிடக்கிறதா? எழுபது, எண்பதுகளின் கலர் காகிதம். அதில் பச்சைநீலச் சாயம் முதலில் வெளிறிவிடுவதால் சிவப்பு மட்டும் தங்குகிறது.

அப்புறம் பின்பக்கம். இந்திய அஞ்சல் துறை ஆறு இலக்கப் பின்கோடைக் கொண்டுவந்தது 1972 ஆகஸ்ட் 15. ரப்பர் ஸ்டாம்பில் 'மெட்ராஸ்-4' என்று மட்டும் இருந்தால் அந்த ஸ்டாம்ப் பெரும்பாலும் அதற்கு முன் செய்தது. அந்த 4தான் பின்னாளில் மயிலாப்பூரின் 600004 ஆனது. 'மெட்ராஸ் ஸ்டேட்' என்றால் 1969க்கு முன். டெலிபோன் எண்ணில் எத்தனை இலக்கம் என்பதும் உதவும். குறையக் குறையப் பழசு. ஒன்றை மறக்க வேண்டாம். ஸ்டாம்ப் சொல்வது பிரிண்ட் போட்ட காலத்தை. 1920இல் எடுத்த படத்தைப் பேரன் 1965இல் காப்பி எடுத்திருக்கலாம். காப்பிப் படத்தில் உருவங்களின் ஓரங்கள் மெத்தென்று இருக்கும், முகத்தில் வெள்ளையும் கறுப்பும் மட்டும் மிஞ்சி நடு நிறங்கள் போயிருக்கும். சில சமயம் மூலப் படத்தைப் பிடித்திருந்த குண்டூசியின் நிழல்கூட விழுந்திருக்கும்.

கடைசியாக ஒரு வழி, எனக்குப் பிடித்தது. திரை, தரைவிரிப்பு, நாற்காலி. பின்னால் வரைந்த திரையில் இருக்கும் மாடிப்படி, தூண், ஏரி ஆகியவற்றை ஒவ்வொரு ஸ்டூடியோவும் பல வருடம் மாற்றாது. பெயர் இல்லாத படத்தில் இருக்கும் நாற்காலியின் கைப்பிடிச் செதுக்கல், பெயர் உள்ள இன்னொரு படத்தில் இருந்தால் ஸ்டூடியோ கிடைத்தது. திரையில் விழுந்த மடிப்பும் கிழிசலும் வருட வரிசையைக்கூடச் சொல்லிவிடும்.

படம் இடம் வலமாக மாறியிருக்கிறதா என்று எப்படித் தெரியும்?

சட்டைப் பையைப் பாருங்கள், இடப்பக்கம் இருக்க வேண்டும். புடவை முந்தானையை நம்பாதீர்கள். ஐயர் வீட்டு மடிசாரில் முந்தானை வலது தோளில் வரும், ஐயங்கார் வீட்டில் இடது தோளில். நெகட்டிவைத் திருப்பிப் போட்டுவிட்டார்கள் என்று சொல்லி ஒரு மாமியின் சாதியை மாற்றிவிடக் கூடாது.

நீங்கள் பார்த்ததில் வினோதமான படம் எது?

வினோதம் என்று சொன்னால் எல்லோரும் பேய்ப்படம் எதிர்பார்க்கிறார்கள். எனக்கு வினோதமாகப் படுவது சடைப் படங்கள். பெண் பெரியவளானதும், அல்லது வளைகாப்பின்போது, பூ வைத்துத் தைத்த சடையோடு ஸ்டூடியோவுக்கு அழைத்துப் போவார்கள். அவ்வளவு பாடுபட்டுத் தைத்த சடை முதுகில் இருக்கிறது, முகம் முன்னால் இருக்கிறது. இரண்டும் ஒரே படத்தில் வர வேண்டும். அதற்காகப் பெண்ணைப் பக்கவாட்டில் உட்காரவைத்து, பின்னால் ஆளுயரக் கண்ணாடி ஒன்றைச் சாய்த்து நிறுத்துவார்கள். தமிழ்நாட்டில் கண்ணாடி இல்லாத ஸ்டூடியோவே இருந்திருக்காது போல.

கண்ணாடி வைத்து எடுப்பது லேசான காரியம் இல்லை. கோணம் கொஞ்சம் தப்பினால் கேமராவும் எடுக்கிறவரும் உள்ளே விழுவார்கள். என்னிடம் உள்ள ஒரு படத்தில் அப்படித்தான். பெண்ணுக்குப் பதின்மூன்று, பதினாலு வயது இருக்கும். நெற்றிச்சுட்டி சற்று விலகியிருக்கிறது. கை விரல்கள் புடவை மடிப்பை இறுகப் பிடித்திருக்கின்றன. கண்ணாடியில் தாழம்பூவும் கனகாம்பரமும் அடுக்கிய சடை, குஞ்சலம் வரைக்கும் தெளிவு. கண்ணாடியின் வலது விளிம்பில், லென்ஸ் வைத்துப் பார்த்தால், முக்காலியின் ஒரு கால், அதற்குப் பக்கத்தில் மடித்துக் கட்டிய வேட்டி, செருப்பில்லாத ஒரு பாதம். அவர்தான் எடுத்தவர். அச்சில் அந்த விளிம்பை வெட்டியிருக்கலாம்; வெட்டினால் குஞ்சலம் போய்விடும், விட்டிருக்கிறார். பின்னால் பெயரும் இல்லை, ஸ்டாம்பும் இல்லை. ஒரு பாதம்தான் கையெழுத்து.

குரூப் படத்தில் ஒருவர் மட்டும் ஒட்டாமல் தெரிகிறாரே, ஏன்?

ஒட்டியிருப்பார்கள், அதனால்தான். கணவர் இறந்துபோனபின் மனைவி ஸ்டூடியோவுக்கு வந்து, இருவரும் சேர்ந்த படம் வேண்டும் என்பார். கணவருடைய பழைய படம் ஒன்றை வெட்டி ஒட்டி, விளிம்புகளை பிரஷ்ஷால் சரிசெய்து, மறுபடி படம் எடுத்துப் பிரிண்ட் போடுவார்கள். கணவர் முப்பது வயதில் நின்றிருப்பார், மனைவிக்கு ஐம்பது ஆகியிருக்கும். வெளிச்சத்தைப் பார்த்தால் கண்டுபிடித்துவிடலாம். ஒருவர் மூக்கின் நிழல் இடப்பக்கம், இன்னொருவருக்கு வலப்பக்கம். தோளும் தோளும் சேரும் இடத்தில் ஒரு கோடு அல்லது அளவுக்கு மீறிய மென்மை. வெளிநாட்டில் இருக்கும் மகனைக் குடும்பப் படத்தில் சேர்ப்பதும் இப்படித்தான். கணினி வந்தபிறகுதான் படத்தில் பொய் வந்தது என்று பேசுகிறவர்களிடம் இரண்டு படம் காட்டினால் போதும்.

வேடிக்கைக்காகச் செய்ததும் உண்டு. ஒரே ஆள் தன்னோடு தானே சீட்டு விளையாடுவார். லென்ஸில் பாதியை மறைத்து ஒரு தரம், மறுபாதியை மறைத்து இன்னொரு தரம். கேமரா அசையக் கூடாது, அவ்வளவே.

இறந்தவர்களை உட்காரவைத்து எடுத்த படங்கள் உண்மையா?

நம் ஊரில் உண்மை. உடலை நாற்காலியில் சாய்த்து, மாலை போட்டு, சுற்றிலும் உறவினர் நிற்க எடுத்த படங்களைப் பல வீடுகளில் வைத்திருந்தார்கள். உயிரோடு இருந்தபோது எடுத்த படம் இல்லாத பாட்டிக்கு அதுதான் ஒரே படம். நான் அவற்றைத் தேடி வாங்குவதில்லை. ஒரு வீட்டுப் படக்கட்டோடு சேர்ந்து வந்தால் பிரிக்காமல் வைத்துக்கொள்வேன், யாருக்கும் வேடிக்கைக்குக் காட்ட மாட்டேன்.

இணையத்தில் 'விக்டோரியா காலத்துப் பிணப் படம்' என்று விற்பது வேறு கதை. நிற்கிறவர் காலுக்குப் பின்னால் ஒரு இரும்புத் தாங்கியின் அடி தெரிந்தால், செத்தவரை நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்று கதை கட்டுகிறார்கள். சில நொடிகள் ஆடாமல் நிற்க வேண்டியிருந்ததால் உயிரோடு இருப்பவரின் தலை அசையாதிருக்க வைத்த தாங்கி அது. பிணத்தைத் தாங்கும் பலம் அதற்குக் கிடையாது.

கறுப்புப் புடவை கட்டி, கறுப்புப் பொட்டு வைத்திருக்கிறாரே?

அனேகமாக இரண்டும் சிவப்பு. பழைய ஆர்த்தோகுரோமேட்டிக் பிளேட்டுகளுக்கும் பிலிமுக்கும் சிவப்பு தெரியாது. சிவந்தது எல்லாம் கறுப்பாக விழும், நீலம் வெளுத்துவிடும். எல்லா நிறமும் பதிவாகும் பிலிம் வந்தபிறகும் பல ஸ்டூடியோக்கள் பழையதை விடவில்லை. சிவப்பு விளக்கில் கண்ணால் பார்த்துக்கொண்டே டெவலப் செய்யலாம் என்ற வசதிதான் காரணம். நம் தோல் நிறத்தில் சிவப்பின் பங்கு அதிகம் என்பதால் முகமும் உள்ளதைவிடக் கறுத்து வரும். ஸ்டூடியோ வாசலில் கண்ணாடி, சீப்பு, பவுடர் டப்பா மூன்றும் தவறாமல் இருந்ததற்கு அழகு மட்டும் காரணமில்லை.

செயற்கை நுண்ணறிவு வைத்துக் கலர் ஆக்குகிறவர்கள் இதை யோசிப்பதே இல்லை. அரக்குக் கூறைப்புடவையைக் கருநீலமாக்கி, குங்குமத்தை மைப்பொட்டாக்கி, அதை வாட்ஸ்அப்பில் அனுப்பி 'உயிர் வந்துவிட்டது' என்கிறார்கள். தெளிவில்லாத முகத்தைத் 'தெளிவாக்கும்' செயலிகள் இன்னும் மோசம். அவை இல்லாத முகத்தை வரைகின்றன. கொள்ளுத்தாத்தாவுக்கு யாரோ ஒருவரின் பல்வரிசை வந்துவிடுகிறது. விளையாட்டுக்குச் செய்யுங்கள், ஆனால் மூலத்தின் ஸ்கேன் இல்லாமல் அதை மட்டும் சேமிக்காதீர்கள்.

கண்ணாடி நெகட்டிவ் கிடைத்தால் என்ன செய்வது?

முதலில், கழுவாதீர்கள். ஸ்டூடியோக்கள் பலவும் பழைய கண்ணாடிகளைச் சுரண்டிக் கழுவி ஃபிரேம் போடக் கொடுத்துவிட்டன. பிலிம் நெகட்டிவ்கள் வெள்ளிக்காக எடைக்குப் போயின. மிச்சம் இருப்பது அதிர்ஷ்டம். கால் பிளேட், அரை பிளேட், முழு பிளேட் என்று மூன்று அளவு அடிக்கடி வரும்; முழு பிளேட் என்பது ஆறரைக்கு எட்டரை அங்குலம். பளபளக்கும் பக்கம் வெறும் கண்ணாடி, மங்கலான பக்கம்தான் படம். மங்கலான பக்கத்தில் விரல் படக் கூடாது. ஒவ்வொன்றையும் தனித்தனிக் காகித உறையில் போட்டு, நீளப் பக்கம் கீழே வரும்படி நிமிர்த்தி வையுங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் அடியில் உள்ளது உடையும்.

ஜன்னல் ஓரமாகச் சாய்த்துப் பாருங்கள். முகத்தின் மேல் மிக நுண்ணிய பென்சில் கீறல்கள் தெரியும். அம்மைத் தழும்பு, கண்ணடிக் கருவளையம், கழுத்துச் சுருக்கம் எல்லாவற்றையும் டச்சிங் செய்கிறவர் கூர்மையான பென்சிலால் புள்ளி புள்ளியாக நிரப்பியிருப்பார். பின்னணியைச் சிவப்பு வண்ணம் பூசி மறைத்திருப்பார். பிரிண்டில் இவை எதுவும் தெரியாது. ஆள் உண்மையில் எப்படி இருந்தார் என்பதும், எப்படித் தெரிய விரும்பினார் என்பதும் ஒரே கண்ணாடியில் இருப்பதால் பிரிண்டைவிட நெகட்டிவை நான் பெரிதாக நினைக்கிறேன்.

பிலிம் நெகட்டிவ் என்றால் மோந்து பாருங்கள். வினிகர் வாடை அடித்தால் அது அசிட்டேட் வகைப் பிலிம், அழுகத் தொடங்கிவிட்டது. தனியாகப் பிரித்து உடனே ஸ்கேன் செய்யுங்கள். பழுப்பாகி, பிசுபிசுத்து, காரமான அமில வாடை வந்தால் அதைவிடப் பழைய நைட்ரேட் வகைப் பிலிமாக இருக்கலாம். அது பயங்கரமாகத் தீப்பிடிக்கும் பொருள். கோடக் 1951 வாக்கில் அதை முழுவதும் கைவிட்டது. ஓரத்தில் 'சேஃப்டி' என்ற ஆங்கில எழுத்து இருந்தால் நைட்ரேட் பயம் இல்லை. சந்தேகமானதை வீட்டுப் பீரோவில் வைக்காதீர்கள்.

பழைய கேமராவுக்குள் பிலிம் ரோல் இருக்கிறது. படம் வருமா?

வரலாம். சிகாகோவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்த விவியன் மேயர் தெருக்களில் எடுத்த படங்கள், கிடங்கு வாடகை கட்டாததால் 2007இல் ஏலத்துக்கு வந்தபோதுதான் வெளியே தெரிந்தன. அவர் விட்டுப்போனதில் டெவலப் செய்யாத ரோல்களே ஏராளம். அவை வந்தன. ஆனால் அந்த ரோல்கள் சென்னை மே மாதத்தைப் பார்த்ததில்லை.

நம் ஊரில் அதிகம் கிடைப்பது பரோடாவில் தயாரான அக்ஃபா கிளிக் 3. 120 ரோலில் சதுரமாகப் பன்னிரண்டு படம் எடுக்கும். பின்பக்கச் சிவப்புச் சன்னலில் எண் தெரிந்தால் உள்ளே ரோல் பாதியில் நிற்கிறது என்று அர்த்தம். மூடியைத் திறக்காதீர்கள். மெதுவாக, முறுக்கு விடாமல் கடைசிவரை சுற்றுங்கள். பிறகு மங்கலான இடத்தில் எடுத்து, ஒட்டும் தாள் பிடிக்காது என்பதால் ரப்பர் பேண்ட் போட்டு, அலுமினியத் தாளில் சுற்றுங்கள். உள்ளே இருப்பது ஊட்டியில் ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தயாரித்த இந்து கறுப்பு வெள்ளை பிலிமாக இருந்தால் நல்ல காலம். மூட்டம், அதாவது பழைய பிலிம் முழுக்கப் படரும் சாம்பல் மங்கல், குறைவாகத் தரும் ஹெச்.சி-110 மாதிரி டெவலப்பரை, வழக்கத்தைவிடக் குளிர்ந்த நிலையில் வைத்துச் செய்தால் ஏதாவது தேறும்.

கலர் என்றால் பொறுமை. 1972க்கு முந்தைய சி-22 வகை கலர் பிலிமை இன்றைய சி-41 டெவலப் முறையின் சூட்டில் போட்டால் பூச்சே கழன்று வரலாம். கோடக்கின் ஸ்லைடு பிலிமான கோடக்குரோமைக் கலரில் டெவலப் செய்வதற்கு இன்று எளிய வழி இல்லை. அமெரிக்காவின் கன்சாஸில் கடைசியாக அதைச் செய்துவந்த கடை 2010 டிசம்பர் 30உடன் ரோல் வாங்குவதை நிறுத்திவிட்டது. இரண்டையும் பெரும்பாலும் கறுப்பு வெள்ளையாகத்தான் டெவலப் செய்கிறார்கள். நான் திறந்த ஒரு கிளிக் 3 ரோலில் தேறியவை சில படங்கள்தான். ஒன்றில் கிணற்றடி, ஒன்றில் மாட்டு வண்டியின் சக்கரம் மட்டும், ஒன்றில் கேமராவை யாரோ தலைகீழாகப் பிடித்துத் தன் மார்பையே எடுத்துக்கொண்ட படம். குழந்தை கையில் கிடைத்திருக்க வேண்டும்.

போலியைக் கண்டுபிடிக்க எளிய வழி?

இரண்டு சாமான் போதும். கடிகாரம் பழுது பார்ப்பவர்கள் கண்ணில் வைக்கும் லென்ஸ், கள்ளநோட்டுப் பார்க்கும் ஊதா டார்ச். லென்ஸில் ஒழுங்கான புள்ளிகள் தெரிந்தால் அது அச்சகத்தில் அடித்தது. டார்ச் வெளிச்சத்தில் காகிதம் பளிச்சென்று நீலவெள்ளையாக ஒளிர்ந்தால், வெளுப்பூட்டும் ரசாயனம் சேர்ந்த காகிதம். அந்த வழக்கம் 1950களில் வந்தது. 1900ஆம் வருடத்துப் படம் என்று விற்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

லினேயஸ் ட்ரைப் 1858இல் மதுரையிலும் தஞ்சையிலும் எடுத்த படங்கள் சந்தையில் கிடக்குமா என்று சிலர் கேட்கிறார்கள். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு வரிசையை 21 பிரிண்டுகளை இணைத்து நீள்படமாக்கிய மனிதர் அவர். அவருடைய பிரிண்டுகள் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. பல்லாவரத்தில் யாராவது நீட்டினால் டார்ச்சை எடுங்கள்.

படம் ஃபிரேம் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டுவிட்டது. எடுப்பது எப்படி?

எடுக்காதீர்கள். ஈரத்தில் இளகிய ஜெலட்டின் கண்ணாடியோடு காய்ந்துவிட்டது. உரித்தால் முகம் கண்ணாடியில் தங்கிவிடும், காகிதம் கையில் வரும். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்யுங்கள்.

லாமினேஷன் செய்தால் பாதுகாப்புதானே?

இல்லை. சூட்டில் உருகிய பிளாஸ்டிக் படத்தோடு ஒன்றாகிவிடுகிறது. உள்ளே ஈரம் இருந்தால் அதுவும் உள்ளேயே இருக்கும். திரும்ப எடுக்க வழியில்லை. நல்லெண்ணத்தோடு நம் வீடுகளில் படங்களைக் கொன்றது கரையானைவிட லாமினேஷன் என்று தாராளமாகச் சொல்லலாம். ஒட்டும் பக்கங்கள் கொண்ட ஆல்பமும் அதற்குத் தங்கைதான். பி.வி.சி. உறை வேண்டாம், பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலியெஸ்டர் உறை வாங்குங்கள். மைதாப் பசை இருக்கும் இடத்துக்கு வெள்ளிப் பூச்சி வரும். ரசகற்பூர உருண்டையைப் படத்தோடு போடாதீர்கள். பரண் ஆகாது, வெளிச்சுவர் ஓரம் ஆகாது. உள்ளறை பீரோவின் நடுத்தட்டு நல்லது. பின்னால் எழுத 2பி பென்சில், அதுவும் ஓரத்தில், அழுத்தாமல். பால்பாயிண்ட் பேனா முன்பக்கம் வரை கீறல் காட்டும்.

ஸ்கேன் செய்ய என்ன அளவு?

பிரிண்டுக்கு 600 டி.பி.ஐ. (ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்ற கணக்கு), 35 மி.மீ. நெகட்டிவுக்கு 2400க்குக் குறையாமல், தரம் குறையாத டிஃப் (TIFF) கோப்பாக. பின்பக்கத்தையும் தவறாமல் ஸ்கேன் செய்யுங்கள், வெறுமையாக இருந்தாலும் சரி. காகித நிறம், பசைத் தடம், ஆல்பத்திலிருந்து பிய்த்த கறுப்புத் துணுக்கு எல்லாம் பின்னால் கேள்வி வரும்போது பதில் சொல்லும். ஸ்கேனர் இல்லையென்றால் போனே போதும், ஜன்னலோரம், பிளாஷ் இல்லாமல்.

இணையத்தில் போடலாமா? உரிமை யாருக்கு?

நீங்கள் வாங்கியது காகிதத்தை. பதிப்புரிமை அதோடு சேர்ந்து வராது. இந்தியாவில் 2012 திருத்தத்துக்குப் பிறகு புகைப்படத்துக்கும் எடுத்தவர் ஆயுளும் அதற்குப்பின் 60 ஆண்டும் என்று கணக்கு. எடுத்தவர் பெயர் தெரியாதவற்றுக்கும் திருத்தத்துக்கு முந்தையவற்றுக்கும் கணக்கு வேறு. விற்கிற புத்தகத்திலோ விளம்பரத்திலோ போடுவதாக இருந்தால் வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். நூறு ஆண்டு தாண்டியதை வெளிநாட்டுக்கு அனுப்புவதாக இருந்தால் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் குறுக்கே வரலாம். அனுப்புமுன் தொல்லியல் துறையிடம் கேளுங்கள்.

சட்டத்தைத் தாண்டி எனக்கு ஒரு கணக்கு உண்டு. படத்தில் இருப்பவர் இன்று உயிரோடு இருக்க வாய்ப்பிருந்தால் போடமாட்டேன். சடைப் படத்துப் பெண் எந்த ஊர்ப் பாட்டியாகவோ இருப்பார். சாவுப் படம், குளிக்கும் குழந்தை, இவையும் வேண்டாம். மற்றவற்றை ஊர் பெயரோடு போடுவேன். குடும்பத்தார் யாராவது அடையாளம் கண்டு கேட்டால் மூலத்தையே கொடுத்துவிட வேண்டும் என்பது என் கட்சி. ஸ்கேன் நம்மிடம் இருக்கும், படம் அவர்களுடையது.

சேர்த்ததைக் கடைசியில் யாரிடம் கொடுப்பது?

புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் நிலையில் உள்ள ஆவணங்களுக்கான திட்டத்தின் உதவியோடு, 1880 முதல் 1980 வரையிலான தமிழ் ஸ்டூடியோ படங்களை எண்மப்படுத்தியிருக்கிறது. ஸ்டூடியோ, ஊர், அளவு எல்லாம் எப்படிக் குறிக்கிறார்கள் என்று அதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. கோட்டையூரில் ஒரு தனி மனிதர் சேர்த்த புத்தகம், அழைப்பிதழ், துண்டறிக்கைகளிலிருந்து 1994இல் உருவானது. பெங்களூரில் கலை மற்றும் புகைப்பட அருங்காட்சியகம் 2023இல் திறந்தது. எந்த நிறுவனமும் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளாது. எந்த ஊர், எத்தனை படம், எந்தக் கட்டோடு எது வந்தது என்று ஒரு பட்டியலும் சில ஸ்கேன்களும் அனுப்பி முதலில் கேளுங்கள். மூட்டையைத் தூக்கிக்கொண்டு நேரே போய் வாசலில் நிற்க வேண்டாம்.